வெள்ளை படிந்த கண்ணாடி

1/72 அளவில் விமான மாதிரி செய்தால், 9 மீட்டர் விமானம் 12.5 சென்டிமீட்டராகிவிடும். அதில் விமானி அமரும் இடத்தின் கண்ணாடி மூடி விரல்நுனி அளவுதான். புதிதாகச் செய்பவர்கள் அதை அவசரமாக உடனடிப் பசையால் ஒட்டிவிடுகிறார்கள். மறுநாள் பார்த்தால் வெண்படலம்! துடைத்தால் போகாது. பசையின் சயனோஅக்ரிலேட் ஆவி, காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து படிந்துவிடுகிறது. எத்தனை நாள் உழைப்பு, பாவம்.

அந்த மூடியை எறிந்துவிடாதீர்கள். படலம் உள்பக்கம்தான் அதிகம். மெல்லக் கழற்றி, மிக நுண்ணிய உப்புத்தாளில் தண்ணீர்விட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டால் தெளிவு திரும்பும். மீண்டும் ஒட்ட, மரவேலைக்கான வெள்ளைப் பசை போதும். மெதுவாகத்தான் காயும், ஆனால் மூடி மங்காது. வழிந்த பசையைக் காயும் முன்னரே ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.