பரம்பரை நோயா இரத்தப் புற்றுநோய்?



'இரத்தப் புற்றுநோய்' என்று மருத்துவர் சொன்னதுமே வீட்டில் இரண்டு கேள்விகள் எழும். இன்னும் எத்தனை காலம்? பிள்ளைகளுக்கும் வருமா? மகளின் கல்யாணம் தடைபடுமே என்று நோயையே மறைக்கும் குடும்பங்களும் உண்டு.

நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயைப் பொறுத்தவரை இரண்டுக்கும் விடை குரோமோசோமில் இருக்கிறது. நம் உயிரணுக்களில் பொதுவாக 46 குரோமோசோம்கள் உள்ளன. இந்நோயில் 9ஆவது, 22ஆவது குரோமோசோம்களின் துண்டுகள் ஒன்றுக்கொன்று இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. குட்டையாகிப்போன அந்த 22ஆவது குரோமோசோமை 1960இல் பிலடெல்பியா நகரில் நோவெல், ஹங்கர்போர்ட் ஆகிய இருவரும் கண்டறிந்தனர். அது இடமாற்றத்தால் வந்தது என்பதை 1973இல் ஜேனட் ரௌலி என்ற பெண்மணி நிறுவினார்.

இந்த மாற்றம் எலும்பு மஜ்ஜையில் உள்ள உயிரணு ஒன்றில், பிறந்த பிறகு ஏற்படுவது. பெற்றோர் கொடுத்ததல்ல, பிள்ளைகளுக்கும் போவதில்லை. சம்பந்தம் பேசுவோர் இதை அறிய வேண்டும்.

இனி, காலம் பற்றிய கேள்வி. இடம் மாறிய துண்டுகள் ஒரு கெட்ட புரதத்தை உண்டாக்குகின்றன. அதனால் வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன. அந்தப் புரதத்தையே தடுக்கும் இமாட்டினிப் மாத்திரை 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முன்பு சில ஆண்டுகளில் உயிரைப் பறித்த நோய் இது. இம்மாத்திரையுடன் சிகிச்சையைத் தொடங்கியவர்களைக் கண்காணித்த பெரிய ஆய்வில், 10 ஆண்டுகளுக்குப் பின்னும் சுமார் 83 விழுக்காட்டினர் உயிருடன் இருந்தனர்.

பிலடெல்பியா குரோமோசோமோடு வேறு மாற்றங்களும் சேர்ந்தால், நோய் முற்றுகிறது என்பதற்கு அது எச்சரிக்கையாகலாம். நாட்பட்ட லிம்பாய்டு வகையிலோ கணக்கே வேறு. அதில் 13ஆவது குரோமோசோமில் மட்டும் குறைவு இருந்தால் நோய் பெரும்பாலும் மெதுவாகவே செல்லும். 17ஆவதில் குறைவு இருந்தால் வழக்கமான கீமோதெரபி சரியாக வேலை செய்யாது; புதிய மாத்திரைகள் தேவைப்படும்.

மைலாய்டு நோயாளிகள் செய்யும் பெரிய தவறு, உடம்பு தேறியதும் மாத்திரையைத் தாமாக நிறுத்துவது. உடம்பு தேறினாலும் கெட்ட அணுக்கள் ஒளிந்திருக்கலாம். அதைக் காட்டுவது இரத்தப் பரிசோதனை மட்டுமே. சிகிச்சை தொடங்கி 3 மாதத்தில் அந்த அளவு 10 விழுக்காட்டுக்கும், 12 மாதத்தில் 0.1 விழுக்காட்டுக்கும் இறங்க வேண்டும். பல ஆண்டுகள் மிகக் குறைவாகவே இருந்தால், மருத்துவர் கண்காணிப்பில் மாத்திரையை நிறுத்திப் பார்க்க வழியுண்டு.

பந்திங்கிலிருந்து, இரத்த நோய்களுக்கான தேசிய மையமான அம்பாங் மருத்துவமனைக்குப் போய்வருவது அலைச்சல்தான். ஆனாலும் தவணையைத் தவறவிடாதீர்கள். போகும்போது "என் குரோமோசோம் முடிவு என்ன? இந்த முறை அளவு எவ்வளவு?" என்று மருத்துவரிடம் கேட்டு, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.