நோவும் நீரும் துணையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் மாதர் பகுதியின் சார்பில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவோம். இசை கேட்டு மகிழ்வோம். பிரசவ அறையைப் பற்றிப் பேசுதல் வழக்கமன்று. ஆயினும் நம் குடியிருப்பில் தொட்டில் கட்டாத தெரு எது? ஆதலின் நம் பெண்மக்களின் பேறுகாலத்தைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றோம்.

பிள்ளை பெற்ற நாம் அனைவரும் அந்நோவினை அறிவோம். இடுப்பில் தோன்றி, முன்வயிற்றில் பரவி, உச்சத்தை அடைந்து, பின் தணியும். இடைவெளி குறையக் குறைய நோவு மிகும். அவ்வேளையில் பெண்ணை வாட்டுவது வலி மட்டுமன்று, அச்சமும் தனிமையுமே. அச்சம் மிகுந்தால் உடலில் அட்ரினலின் சுரக்கின்றது, கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்சிடோசினின் வேலை தடைப்படுகின்றது, தசைகள் இறுகுகின்றன. அச்சம் வலியை வளர்க்க, வலி அச்சத்தை வளர்க்கின்றது.

இச்சுழலை அறுக்கும் வழிகளுள் ஒன்று நீர். பிரான்சு நாட்டில் பித்திவியே என்னும் சிற்றூரின் மருத்துவமனையில் மிஷேல் ஓதான் என்னும் மருத்துவர், நோவு கண்ட தாய்மாரை வெதுவெதுப்பான நீர் நிறைந்த தொட்டியில் இறங்கச் செய்தார். வலி தணிப்பதே அவர் நோக்கம். ஆயினும் சிலர் வெளியே வர மனமின்றி நீரிலேயே ஈன்றனர். அத்தகைய நூறு பிரசவங்களின் அனுபவத்தை 1983-ஆம் ஆண்டில் லான்செட் இதழில் அவர் வெளியிட்டார்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. நீர் உடலின் பாரத்தைத் தாங்குகின்றது. தாய் விரும்பியவாறு சாயலாம், முழந்தாளிடலாம், குந்தலாம். வெம்மையால் தசைகள் தளர்கின்றன. பொய்வலியோ மெய்வலியோ என்றறியச் சீரகக் கஷாயம் கொடுத்து, இடுப்பில் வெந்நீர் ஊற்றிய நம் பாட்டிமாருக்கு இது முற்றிலும் புதிய செய்தியன்று.

“குழந்தைக்கு மூச்சு முட்டாதா?” என்று கேட்பீர்கள். நீருக்குள் இருக்கும் வரை கொப்பூழ்க்கொடி வழியாகவே அதற்கு உயிர்வளி செல்கின்றது. முகத்தில் காற்றுப் படும்போதுதான் முதல் மூச்சு எழுகின்றது. ஆதலின் பிறந்த குழந்தையைத் தாமதமின்றி, கொடி இழுபடாமல் மேலே எடுத்தல் வேண்டும். நீரின் வெப்பம் 37.5 பாகை செல்சியசுக்கு மேற்படலாகாது.

பிரிட்டனில் நோவின்போது நீரைப் பயன்படுத்திய 87,000-க்கு மேற்பட்ட தாய்மாரின் விவரங்களை ஆராய்ந்து, 2024-ஆம் ஆண்டில் முடிவு வெளியிட்டனர். நிறைசூலும் நல்லுடலும் வாய்ந்த அத்தாய்மாருள், நீரிலேயே ஈன்றோர்க்கும் வெளிவந்து ஈன்றோர்க்கும் இடையே, கடுங்கிழிசலிலோ குழந்தையின் கேட்டிலோ மிகுதி காணப்படவில்லை. அமெரிக்க மகப்பேற்று மருத்துவர் கழகமோ, நோவின் முதற்கட்டத்தை நீரில் கழிக்கலாம், மகவை ஈனுதல் நீருக்கு வெளியே நிகழட்டும் என்கின்றது. இரத்த அழுத்தம், இரட்டைக் கரு, குறைமாதம், தலை கீழிராத கரு ஆகிய நிலைகளில் நீர்த்தொட்டி ஆகாது என்பதில் இரு சாராரும் உடன்படுவர்.

தேர்ந்த துணையின்றி வீட்டில் இதனை முயலுதல் தீது. 2018-ஆம் ஆண்டில் திருப்பூரில், காணொளிகளை நம்பி வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ஓர் இளந்தாய் இரத்தப்போக்கால் உயிர் நீத்தார். அத்துயரம் இன்னொரு வீட்டில் நிகழலாகாது.

மற்றொரு செய்தியும் நம்மைச் சிந்திக்க வைக்கின்றது. 2019–21-ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஆந்திரப் பிரதேசத்தில் நூற்றுக்கு 42.4 பிரசவங்கள் அறுவையால் நிகழ்ந்தன. தனியார் மருத்துவமனைகளிலோ நூற்றுக்கு 63. உயிர் காக்கும் அறுவையை நாம் குறை கூறவில்லை. ஆனால், நோவுக்கு அஞ்சியே கத்தியை நாடும் நிலை நம் பெண்களுக்கு வரலாமா?

நீர்த்தொட்டி எல்லா ஊர்களுக்கும் எளிதில் வாராது. ஆனால் அது தரும் அச்சமின்மையைத் தொட்டியின்றியும் தரலாம். நோவின்போது இடைவிடாத துணை பெற்ற தாய்மாருக்கு இயல்பான பிரசவம் மிகுதி, அறுவை குறைவு என்று, 15,000-க்கு மேற்பட்ட பெண்களைக் கொண்ட 26 ஆய்வுகளின் தொகுப்பு 2017-ஆம் ஆண்டில் காட்டியது. தாய் விரும்பும் ஒருவர் உடனிருத்தல் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் 2018-ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. அதற்கு முன்பே, 2016-ஆம் ஆண்டில், அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணை ஒருவரை அனுமதிக்கலாம் என்று மத்திய அரசு அறிவித்தது. அத்துணைவி தாமும் பிள்ளை பெற்றவராய், தொற்றுநோய் அற்றவராய், தூய ஆடை உடுத்தவராய், மருத்துவர் பணியில் தலையிடாதவராய் இருத்தல் வேண்டும்.

நம் நிலையில் இதன் அருமை பெரிது. சித்தூருக்கும் திருப்பதிக்கும் மணமாகி வரும் நம் மருமகள்மாருட் பலர் தெலுங்கு அறியார். நாம் மருத்துவச்சி என்பவரை இங்கு மந்திரசானி என்பர். ஆயினும் வலி மிகும்போது இரு மொழிப் பெண்களும் “அம்மா” என்றே அழைக்கின்றனர். அவ்வழைப்புக்கு விடை சொல்ல அருகில் ஒருவர் வேண்டாவா?

அண்டையிலுள்ள வேலூரின் மருத்துவக் கல்லூரியும் அத்தகைய ஓர் அழைப்பிலிருந்தே பிறந்தது. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் மாண்டனர். உதவப் பெண் மருத்துவர் இல்லை. அது கண்டே ஐடா ஸ்கடர் அம்மையார் மருத்துவம் கற்றார். 1918-ஆம் ஆண்டில் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி கண்டார்.

நாம் கல்லூரி கட்ட வேண்டுவதில்லை. தமிழும் தெலுங்கும் அறிந்த, பிள்ளை பெற்ற பெண்டிர் தம் பெயரை மாதர் பகுதியில் பதிவு செய்யுங்கள். கருவுற்ற மகளிரைத் தவறாது மருத்துவமனைக்கு அனுப்புங்கள்; அங்கே, “துணை ஒருவர் உடனிருக்கலாமா? நடக்கவும் விரும்பியவாறு அமரவும் இடமுண்டா?” என்று முன்கூட்டியே கேளுங்கள். நம் குடியிருப்பில் எந்தப் பெண்ணும் நோவினைத் தனியே தாங்கலாகாது.

அன்னையர் வாழ்க! குழவியர் வாழ்க!