லிங்க் வேண்டாம், ஒரு அறை போதும்!

(சுரண்டையில் மகளிர் அணியும் ஐடி விங்கும் சேர்ந்து நடத்திய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளமான பதிவு. முழுசா படிங்க. வீட்டில் மாசமா இருக்கிறவங்க யாராவது இருந்தா, அவங்களுக்கும் வாசிச்சுக் காட்டுங்க.)



எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல. படிச்சது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். "இந்தப் பொடியனுக்குப் பிரசவத்தைப் பத்தி என்ன தெரியும்?"னு உங்களுக்குத் தோணும். நியாயமான கேள்விதான். எனக்குத் தெரிஞ்சது வீடியோ ஷேர் பண்றது மட்டும்தான். நான் ஷேர் பண்ணின ஒரு வீடியோ எங்க வீட்டில் என்ன பண்ண இருந்துச்சுங்கிறதைச் சொல்லத்தான் வந்திருக்கேன்.

பிரசவத்தில் பெண்களுக்கு உள்ள உரிமைகளைப் பத்தின ஒரு ஆவணப்படத்தை நம்ம பகுதியில் கொண்டுபோகணும்னு பேச்சு வந்துச்சு. உடனே நம்ம ஆட்கள் எல்லாரும் சொன்னது ஒன்னுதான். "லிங்க் அனுப்பு தம்பி, ராத்திரிக்குள்ள எல்லா குரூப்லயும் போட்டுடலாம்."

நான் வேண்டாம்னு சொன்னேன். ஐடி விங்கில் இருக்கிறவனே லிங்க் வேண்டாம்னு சொன்னா சிரிப்பாத்தான் இருக்கும். காரணத்தைக் கேளுங்க.

2018. நான் காலேஜில் இரண்டாம் வருஷம். எங்க மைனி ரெண்டாவது பிள்ளைக்கு மாசமா இருந்தாங்க. முதல் பிரசவம் ஒரு ஆஸ்பத்திரியில் நடந்தது. எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லப்போறதில்ல. லேபர் வார்டுக்குள்ள மைனியைத் தனியா கூட்டிட்டுப் போனாங்க. அவங்க அம்மாவை வாசல்லயே நிறுத்திட்டாங்க. வலியில் கத்தினதுக்கு உள்ளே கேட்ட பேச்சை மைனி எங்க யார்கிட்டயும் முழுசா சொன்னதே இல்ல. "புருஷன்கிட்ட போகும்போது இந்த வலி தெரியலையா?"ங்கிற மாதிரி ஒரு பேச்சு. இந்த இடத்தில் உங்கள்ல எத்தனை பேர் தலையைக் குனிஞ்சீங்கன்னு எனக்குத் தெரியும். அந்தப் பேச்சு ஒரு ஆஸ்பத்திரிக்கு மட்டும் சொந்தமானதில்ல.

ரெண்டாவது தடவை மைனி சொன்னாங்க: "உயிர் போனாலும் போகட்டும், அந்த அறைக்குள்ள மறுபடி போவ மாட்டேன்."

அப்போ என் போனுக்கு ஒரு வீடியோ வந்துச்சு. "மருந்து இல்லை, ஊசி இல்லை, வீட்டிலேயே சுகப்பிரசவம்." நல்ல மியூசிக், சிரிச்ச முகத்தோட ஒரு அம்மா, கையில் குழந்தை. நான் ரெண்டு நிமிஷம்கூட யோசிக்கல. ஃபேமிலி குரூப்ல போட்டேன். மைனி அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாங்க. அண்ணனும் பார்த்தான். "செஞ்சா என்ன?"ங்கிற அளவுக்குப் பேச்சு போயிடுச்சு.

தடுத்தது எங்க ஆச்சி. படிக்காத மனுஷி. சொளவை மடியில் வச்சு பீடி சுத்திக்கிட்டே சொன்னா:

"ஏல, வீட்டுல அஞ்சு பெத்தவ சொல்லுதேன் கேளு. ரெண்டைக் குழிக்குள்ள வச்சிட்டுத்தான் மூணை வளத்தேன். அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. ஆனா ஒத்தையில விட்டுறாத."

அதே வருஷம் ஜூலை மாசம் திருப்பூர்ல இருந்து அந்தச் செய்தி வந்துச்சு. ஒரு தனியார் பள்ளி ஆசிரியை. வீடியோ பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்திருக்காங்க. குழந்தை பிழைச்சது. ரத்தப்போக்கு நிக்காம அந்தம்மா இறந்துட்டாங்க. அடுத்த மாசம், வீட்டுப் பிரசவத்துக்குப் பயிற்சி தர்றதா விளம்பரம் செஞ்ச ஒருத்தரைக் கோயம்புத்தூர்ல கைது பண்ணினாங்க.

பேப்பர்ல படிச்ச அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கல. என்னை மாதிரி ரெண்டு நிமிஷம்கூட யோசிக்காத ஒருத்தன்தானே அந்த வீட்டுக்கும் ஒரு வீடியோவை அனுப்பியிருப்பான்?

இப்போ நாம போட நினைக்கிற படத்துக்கு வர்றேன்.

படத்தோட பேரு 'ஃப்ரீடம் ஃபார் பர்த்'. டோனி ஹார்மன், அலெக்ஸ் வேக்ஃபோர்ட்னு பிரிட்டனைச் சேர்ந்த ரெண்டு பேர் எடுத்தது. சுமார் ஒரு மணி நேரம். ஹங்கேரியில் ஆக்னஸ் கெரேப்னு ஒரு மகப்பேறு மருத்துவர். மருத்துவச்சியாவும் இருந்தவர். வீட்டில் பிரசவம் பார்த்ததுக்காக 2010ல் சிறைக்குப் போனார். அதே காலத்தில் அன்னா தெர்னோவ்ஸ்கிங்கிற கர்ப்பிணிப் பெண், ஹங்கேரி அரசு மேலேயே ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். 2010 டிசம்பர் 14ல் தீர்ப்பு வந்தது. எந்தச் சூழ்நிலையில் பிள்ளை பெறணும்ங்கிறது அந்தப் பெண்ணோட அந்தரங்க வாழ்க்கைக்குள்ள வர்ற முடிவு, அதை அரசு மதிக்கணும்னு நீதிமன்றம் சொன்னது.

படம் வெளிவந்த விதம்தான் எனக்குப் பிடிச்சது. 2012 செப்டம்பர் 20, ஒரே நாள்ல உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான இடங்களில் திரையிட்டாங்க. பெரிய தியேட்டர் வேணும்னு யாரும் காத்திருக்கல. தாய்மார்களும் மருத்துவச்சிகளும் அவங்கவங்க ஊர்ல ஒரு அறை பிடிச்சு, நாற்காலி போட்டு, அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டு உட்கார வச்சுப் பார்த்தாங்க. முடிஞ்சதும் பேசினாங்க.

நான் இவ்வளவு நேரம் பேசினது இந்தப் பாயிண்டுக்காகத்தான். இந்தப் படத்தையே வெறும் லிங்கா நம்ம ஊர்ல விட்டா, பார்க்கிறவங்க மனசுல "வெளிநாட்டுல வீட்டிலேயே பெத்துக்கிறாங்களாம், கோர்ட்டே சொல்லிடுச்சாம்"னு மட்டும்தான் நிக்கும். ஆனா அங்கே கேட்டது பயிற்சி பெற்ற ஆளோட துணையை. திருப்பூர்ல அந்தம்மா பக்கத்தில் இருந்தது ஒரு போன். ரெண்டுக்கும் நடுவுல ஒரு உயிர் இருக்கு. அதோட, கெரேப்பும் ஒரு பிரசவத்தில் நடந்த விபரீதத்துக்காகத் தண்டனை பெற்றவர்தான், 2018ல் தான் ஹங்கேரி அதிபர் கருணை வழங்கினார். பயிற்சி பெற்றவங்க இருந்தாலே வீட்டில் ஆபத்து உண்டுன்னா, யாருமே இல்லாட்டி என்ன ஆகும்? இதையெல்லாம் லிங்க் சொல்லாது. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஆள்தான் சொல்லணும்.

சரி, நம்ம ஊருக்கு இந்தப் படம் எதுக்கு? 2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் ஆஸ்பத்திரியில்தான் நடக்குது. நாட்டுக்கே முன்மாதிரி. இதுக்காக ஊர் ஊரா நடந்த கிராம சுகாதார செவிலியர்களை, நம்ம பாஷையில் நர்ஸம்மாக்களை, கையெடுத்துக் கும்பிடணும்.

அதனால நம்ம கேள்வி வேற. ஆஸ்பத்திரிக்குள்ள போன பிறகு அவளை மனுஷியா நடத்துறாங்களா?

அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கு. தமிழ்நாட்டில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார்ல 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. நாடு முழுக்க எடுத்தா 21.5தான். சிசேரியன் உயிர் காக்கிற சிகிச்சை, தேவைப்பட்டா ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. ஆனா ஒரு சமூகத்தில் அது 10 சதவீதத்தைத் தாண்டின பிறகு, தாய் சேய் இறப்பு அதனால் மேலும் குறையறதா தெரியலைன்னு உலக சுகாதார நிறுவனம் 2015ல் சொல்லியிருக்கு. அப்போ "எனக்கு எதுக்கு டாக்டர்?"னு கேட்க ஒரு பெண்ணுக்கு உரிமை வேணுமா வேண்டாமா?

அந்த உரிமைக்கு ஐரோப்பா வரை போக வேண்டாம். இங்கேயே இருக்கு. எழுதி வச்சுக்கோங்க.

ஒன்னு. பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இந்தத் திட்டம் 2004லயே வந்தாச்சு. அம்மாவோ அக்காவோ மாமியாரோ கூட இருக்கலாம். எங்க ஆச்சி சொன்ன "ஒத்தையில விட்டுறாத" அரசாங்க விதியாவே இருக்கு. நம்மில் பலருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ரெண்டு. மரியாதை. 2017ல் மத்திய அரசு கொண்டுவந்த 'லக்ஷ்யா' திட்டம் பிரசவ அறையோட தரத்துக்கானது. மறைப்பு வேணும், திட்டக் கூடாது, அடிக்கக் கூடாதுங்கிறது அதில் அடக்கம். வலி நேரத்தில் நடக்கலாம், தண்ணி குடிக்கலாம், வசதியான நிலையில் இருக்கலாம்னு உலக சுகாதார நிறுவனம் 2018ல் வழிகாட்டியிருக்கு. சிக்கல் இல்லாத பிரசவத்துக்குத்தான் இது. உங்க உடம்புக்குப் பொருந்துமான்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

மூணு. சம்மதம். என்ன சிகிச்சை, எதுக்கு, வேற வழி உண்டா, ஆபத்து என்னன்னு சொல்லித்தான் கையெழுத்து வாங்கணும். 2008ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாச் சொல்லிடுச்சு. உயிருக்கு ஆபத்தான அவசரம் மட்டும்தான் விதிவிலக்கு. பிரசவம் முடிஞ்சதும் காப்பர்-டி வைக்கிறதுன்னாலும் அவகிட்ட கேட்டுத்தான் வைக்கணும்.

நாலு. காசு. அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம், சாப்பாடு, வீட்டுக்குத் திரும்பும் வண்டி எல்லாம் இலவசம். 2011ல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் அது. "ஆம்பளப் பிள்ளை பிறந்திருக்கு, ஏதாவது கொடுங்க"ன்னு யாராவது கை நீட்டினா, கொடுக்க வேண்டியதில்லை. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி உதவி 18,000 ரூபாய், பணமாவும் ஊட்டச்சத்துப் பெட்டகமாவும் வரும். அதுக்கு முதல்ல நர்ஸம்மாகிட்ட பதிஞ்சு பிக்மி எண் வாங்கணும்.

"இதெல்லாம் சலுகைதானே தம்பி"ன்னு ஒரு பெரியவர் என்கிட்ட கேட்டார். இல்லைங்கய்யா. டெல்லியில் வீடில்லாத ஒரு ஏழைப் பெண் மரத்தடியில், ஊர் பார்க்கப் பிள்ளை பெத்தா. அவளோட வழக்கையும், பிரசவத்தில் இறந்துபோன இன்னொரு பெண்ணோட வழக்கையும் சேர்த்து விசாரிச்சு, 2010 ஜூன் 4ல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. பிரசவ காலத்தில் மருத்துவமும் உணவும் கிடைக்கிறது, அரசியல் சட்டம் 21ஆம் பிரிவு தர்ற உயிர் வாழும் உரிமையில் சேர்ந்ததுன்னு அந்தத் தீர்ப்பு சொல்லுது. எழுதினவர் நீதிபதி எஸ்.முரளிதர், நம்ம சென்னையில் வக்கீல் தொழிலைத் தொடங்கினவர். அதனால இது சலுகை இல்லைங்கய்யா, பாக்கி. வர வேண்டிய பாக்கியைக் கேட்க யாருக்கும் கூச்சம் வேண்டாம்.

மைனி கதையை முடிக்கணும்ல. ரெண்டாவது பிரசவத்துக்கு வேற ஒரு ஆஸ்பத்திரி. அவங்க அம்மா உள்ளே கூடவே இருந்தாங்க. அங்கே இருந்த நர்ஸ் ஒருத்தங்க முதுகைத் தடவிவிட்டு, "கத்தணும்னா கத்து தாயி"ன்னு சொன்னாங்களாம். பிரசவத்துக்கு அப்புறம் ரத்தப்போக்கு கொஞ்சம் அதிகமாச்சு. உடனே ஊசி போட்டு நிறுத்திட்டாங்க. வீட்டில் இருந்திருந்தா?

இதிலிருந்து நான் கத்துக்கிட்டது ஒன்னுதான். ஆஸ்பத்திரியில் கேட்ட ஒரு கெட்ட பேச்சுதான் மைனியை அந்த வீடியோ பக்கம் தள்ளுச்சு. ஒரு நல்ல பேச்சுதான் திரும்பக் கூட்டிட்டு வந்துச்சு. பிரசவ அறையில் மரியாதைங்கிறது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

அதனால இந்தப் படத்தை எப்படிக் கொண்டுபோகப் போறோம்? நம்ம அணியினருக்கு நான் வைக்கிற வேண்டுகோள்:

• எடுத்தவங்ககிட்ட அனுமதி வாங்கித்தான் போடணும். திருட்டு காப்பி வேண்டாம். வெட்டி ரீல்ஸ் போடவும் வேண்டாம்.

• ஒரு அறைக்கு முப்பது பேர் போதும். பீடிக் கட்டு கொடுத்துட்டு வர்ற நேரம், பூப்பறிப்பு முடியுற நேரம் பார்த்து வையுங்க. நமக்கு வசதியான நேரம் அவங்களுக்கு வசதியா இருக்காது.

• படம் ஆங்கிலத்தில் இருக்கு. நிறுத்தி நிறுத்தி, நம்ம ஊர்ப் பேச்சில் ஒரு பெண் விளக்கணும்.

• நர்ஸம்மாவோ டாக்டரோ இல்லாம ஒரு திரையிடலும் கூடாது. அவங்களை எதிரியா நிறுத்தவும் கூடாது. ஒரே ஆளா இத்தனை பிரசவம் பார்க்கிற அவங்க கஷ்டத்தையும் பேச விடுங்க.

• கணவன்மாருக்குத் தனியா ஒரு காட்சி. ஆஸ்பத்திரியில் கையெழுத்துக் கேட்டு வர்றது பெரும்பாலும் அவங்ககிட்டதான்.

• மேடையில் கொடி வேண்டாம். கர்ப்பிணிகளை போட்டோ எடுக்கவே வேண்டாம். தலைமைக்கு எத்தனை பேர் வந்தாங்கன்னு காட்டணும்னா, வாசல்ல கிடக்கிற செருப்பை எடுத்து அனுப்புங்க. எண்ணிக்கட்டும்.

• புகார் இருந்தா 104க்கு அடிக்கச் சொல்லிக் கொடுங்க. அவசரம்னா 108. வார்டுக்குள்ள போய் லைவ் போடுறது நம்ம வேலை இல்ல.

நாளைக்கு உங்க போனுக்கும் ஒரு வீடியோ வரும். வீட்டுப் பிரசவமா இருக்கலாம், வேற ஏதாவது வைத்தியமா இருக்கலாம். விரல் ஃபார்வேர்டு பட்டன் மேல போகும்போது எங்க ஆச்சியை ஒரு தடவை நினைச்சுக்கோங்க. படிச்ச நான் யோசிக்காம அனுப்பினேன், படிக்காத அவ யோசிச்சுத் தடுத்தா. ஆச்சி இப்போ இல்ல. மைனியோட ரெண்டாவது பொண்ணு, ஆச்சி பேரை வச்சிருக்கு, ஸ்கூலுக்குப் போகுது.

உங்க தெருவில் ஒரு அறை தாங்க. திரையும் புரொஜெக்டரும் நாங்க கொண்டு வர்றோம். எந்தத் தெருன்னு மட்டும் கமெண்ட்ல சொல்லுங்க.



— தகவல் தொழில்நுட்ப அணி, சுரண்டை

#ஒத்தையில_விட்டுறாத #பிரசவ_உரிமை #சுரண்டை #தென்காசி