ஆனி கடைசியில ஒரு வீடு: இரண்டு அட்வான்ஸுக்கு நடுவுல

மேன்ஷன், பி.ஜி., நாலு பேர் சேர்ந்து எடுத்த ஃபிளாட்னு இருந்துட்டு, முதல் தடவையா தன் பேர்ல ஒரு வீடு வாடகைக்கு எடுக்கப் போறவங்களுக்குத்தான் இன்னைக்கு எபிசோட். சொந்த வீடு வாங்கலாமா, வாடகையே போதுமாங்கிற சண்டைக்குள்ள நான் போகல. அது வேற எபிசோட், அதுக்கு கமென்ட்ல அடி வாங்கத் தனி மனநிலை வேணும்.

போன வருஷம் நான் பெருங்குடியில இருந்து குரோம்பேட்டைக்கு மாறினேன். அப்பா போனதுக்கு அப்புறம் அம்மா திருச்சியில தனியா இருந்தாங்க. முட்டி வலி வேற. அவங்களைக் கூட்டிட்டு வரணும்னா நாலு பசங்க இருக்கிற ஃபிளாட் சரிவராது. கையில 1,10,000 ரூபாய் இருந்தது. கடன் வாங்கக் கூடாதுங்கிறது மட்டும்தான் நான் எனக்குப் போட்டுக்கிட்ட ஒரே நிபந்தனை. ஆப்ல ரெண்டு நிமிஷத்துல கிடைக்குற கடனை வாங்கி அட்வான்ஸ் கட்டி, அடுத்த ஒரு வருஷம் வாடகையும் இ.எம்.ஐ.யும் சேர்த்துக் கட்டுற நண்பர்களை நான் பக்கத்துல இருந்து பார்த்திருக்கேன்.

வீடு தேடும்போது எல்லாரும் "மாசம் எவ்வளவு வரை தர முடியும்"னுதான் யோசிக்கிறோம். அது முக்கியம்தான். ஆனா மூச்சு முட்ட வைக்கிறது வாடகை இல்ல. புது வீட்டுக்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்கிற நாளுக்கும், பழைய வீட்டு அட்வான்ஸ் திரும்பக் கைக்கு வர்ற நாளுக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்கு பாருங்க, அதுதான். அந்த ஒரு மாசம், ஒன்றரை மாசம் உங்க காசு இரண்டு இடத்துல மாட்டியிருக்கும்.

என் கணக்கைச் சொல்றேன். வாடகை 15,000. அட்வான்ஸ் மூணு மாசம், 45,000. முதல் மாச வாடகை 15,000. புரோக்கருக்கு ஒரு மாச வாடகை, இன்னொரு 15,000. ஒரு பாத்திரத்தைக்கூட நகர்த்தல, அதுக்குள்ள 75,000 போயிடுச்சு. வண்டிக்கும் லோடுமேனுக்கும் 4,800. அப்புறம் எக்ஸெல்ல யாரும் போடாத செலவு ஒண்ணு இருக்கு. சென்னையில நிறைய வாடகை வீட்டுல ஃபேன், டியூப் லைட் எதுவும் இருக்காது. முன்னாடி இருந்தவங்க கழட்டிட்டுப் போயிருப்பாங்க, கொக்கி மட்டும் தொங்கும். ஃபேன், லைட், திரைச்சீலைக் கம்பி, பூட்டு, தண்ணி கேனுக்கு டெபாசிட், பாத்ரூம்ல அம்மா பிடிச்சுக்க ஒரு கைப்பிடி, எலக்ட்ரீஷியன் கூலி எல்லாம் சேர்ந்து 11,000. மொத்தம் 90,000-ஐத் தாண்டிடுச்சு. அதாவது, 15,000 ரூபாய் வீட்டுக்குள்ள போக ஆறு மாச வாடகை ரொக்கமா கையில வேணும். உங்க வாடகை எவ்வளவா இருந்தாலும் ஆறால பெருக்கிப் பாருங்க. அந்தத் தொகை இல்லன்னா, வாடகையைக் குறைச்சுத் தேடுங்க, இல்ல இன்னும் மூணு மாசம் கழிச்சுத் தேடுங்க.

அட்வான்ஸைப் பத்தி சட்டம் என்ன சொல்லுது? தமிழ்நாட்டுல வாடகைக்குன்னு 2017-ல ஒரு புதுச் சட்டம் போட்டாங்க, 2019 பிப்ரவரி 22-லிருந்து நடைமுறையில இருக்கு. அதன்படி அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல போகக் கூடாது. ஆனா "வேறு விதமா ஒப்பந்தம் போட்டுக்கிட்டா தவிர"ன்னு ஒரு வால் இருக்கு. அதனால அஞ்சு மாசம், ஆறு மாசம்னு கேட்கிறாங்க, நாமளும் கையெழுத்துப் போடுறோம். சட்டத்தைக் காட்டி வீட்டுக்காரர்கிட்ட சண்டை போட்டா வீடு கிடைக்காது, அது எல்லாருக்கும் தெரியும். ஆனா "கவர்மென்டே மூணு மாசம்தான் சார் சொல்லுது"ன்னு சிரிச்சுக்கிட்டே ஆரம்பிக்கலாம். பேரம் பேச ஒரு நல்ல தொடக்கம் அது.

அதைவிடப் பெரிய ஆயுதம் காலண்டர். ஆடி மாசம் யாரும் குடி போக மாட்டாங்க, மார்கழியிலயும் அப்படித்தான். எனக்கு இதுல நம்பிக்கை உண்டா இல்லையாங்கிறது இங்க முக்கியமில்ல, வீட்டுக்காரருக்கு உண்டு. ஜூலை நடுவுல ஆடி பிறக்கும். ஆனி கடைசி வாரம் ஒரு வீடு காலியா இருந்தா, அது அநேகமா ஆகஸ்ட் நடு வரைக்கும் காலியாத்தான் கிடக்கும்னு அவருக்கு நல்லாத் தெரியும். ஒரு மாச வாடகை போச்சு. அந்த வாரம் நீங்க போய் நின்னா, உங்க பேச்சுக்கு எடை ஜாஸ்தி. எங்க வீட்டுக்காரர் முதல்ல அஞ்சு மாசம், 75,000 கேட்டார். ஆனி முடிய நாலு நாள் இருக்கும்போது மூணு மாசத்துக்கு ஒத்துக்கிட்டார். வீட்டுக்காரம்மாதான் வழியும் சொன்னாங்க: "தம்பி, ஆனியிலேயே அம்மாவை வந்து பால் காய்ச்சச் சொல்லுங்க. சாமான் எப்ப வந்தா என்ன, ஆடியில வரட்டும்." பால் காய்ச்சிட்டா குடி வந்த கணக்கு. ஊர் முழுக்க இந்த வழிதான். பள்ளிக்கூடம் திறக்கிற மே, ஜூன்ல தேடினா இந்தப் பேரமெல்லாம் நடக்காது, சொல்லிட்டேன்.

அந்த ஏற்பாட்டால இன்னொரு நல்லதும் நடந்தது. வேலையில நாம சர்வர் மாத்தும்போது பழைய சர்வரை அன்னைக்கே அணைக்க மாட்டோம்ல? ரெண்டும் கொஞ்ச நாள் சேர்ந்து ஓடும். வீட்டுக்கு மட்டும் ஏன் ஒரே நாள்ல காலி பண்ணி, ஒரே நாள்ல குடியேறி, ராத்திரி பன்னெண்டு மணிக்கு அட்டைப் பெட்டிக்குள்ள சார்ஜரைத் தேடணும்? நான் பத்து நாள் ரெண்டு வீட்டையும் வச்சிருந்தேன். பழைய ஃபிளாட்ல என் பங்கு மாசம் 7,000, பத்து நாளைக்கு 2,300 ரூபாய் சொச்சம். மொத்தச் செலவுல எனக்கு அதிகப் பலன் கொடுத்த காசு அதுதான். தினம் ஆபீஸ் முடிச்சு பைக்ல ரெண்டு பை கொண்டு போவேன். குழாய் ஒழுகுதா, எந்த ஸ்விட்ச் வேலை செய்யல, காலையில எத்தனை மணிக்குத் தண்ணி வருது எல்லாம் அம்மா வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சு போச்சு. பாத்ரூம் கைப்பிடி மாட்டினதும் அந்தப் பத்து நாள்லதான். கட்டில், பீரோ, வாஷிங் மெஷின் மட்டும் கடைசியா குட்டி யானையில வந்தது. அதுவும் ஒரு புதன்கிழமை. ஞாயிற்றுக்கிழமைக்கு அதே வண்டிக்காரர் ஆயிரம் ரூபாய் அதிகம் கேட்டார்.

வீடு பார்க்கப் போறப்ப டைல்ஸையும் மாடுலர் கிச்சனையும் ரொம்ப நேரம் பார்க்காதீங்க. தண்ணி மெட்ரோ வாட்டரா, போர் தண்ணியா, லாரியா, லாரின்னா அந்தக் காசு மெயின்டனன்ஸ்ல சேர்ந்ததா தனியான்னு கேளுங்க. கரென்ட் மீட்டர் உங்களுக்குத் தனியா, இல்ல சப் மீட்டரான்னு கட்டாயம் பாருங்க. வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம்னு 2016-லிருந்து இருக்கு. 500 யூனிட்டைத் தாண்டினா கீழ் அடுக்குல கிடைக்கிற குறைஞ்ச விலையும் போயிடும். மூணு போர்ஷனுக்கு ஒரே இணைப்புன்னா எல்லாரும் சேர்ந்து சுலபமா 500-ஐத் தாண்டிடுவாங்க. அப்புறம் யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய்னு கேட்பாங்க. கோடையில ஏ.சி. போடுறவங்களுக்கு, வாடகையில 500 ரூபாய் குறைச்சு வாங்கின சந்தோஷம் ஒரே பில்லுல போயிடும்.

அப்புறம் மழை. 2015 டிசம்பர்ல முடிச்சூர், வேளச்சேரிப் பக்கம் என்ன ஆச்சு, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்ப பள்ளிக்கரணையில என்ன ஆச்சுன்னு நமக்குத் தெரியும். புரோக்கர்கிட்ட கேட்டா "இந்தத் தெருவுல தண்ணியே நிக்காது சார்"னு சொல்வார். எல்லாத் தெருவுக்கும் அதேதான் சொல்வார். தெருமுனையில இஸ்திரி போடுற அண்ணாகிட்ட கேளுங்க. எங்க தெருவுல அவர் தன் முட்டியைத் தொட்டுக் காட்டினார். "இவ்ளோ நின்னுச்சு தம்பி, ரெண்டு நாள்ல வடிஞ்சிடுச்சு." வீட்டு வாசல்ல நாலு படி இருந்தது, தண்ணி உள்ள வரல. அம்மா முட்டிக்கு நாலு படி கஷ்டம்தான், அதுக்கு மேல முடியாது. அதனால ரெண்டு தெரு தள்ளி முதல் மாடியில நல்ல வெளிச்சமான வீடு ஒண்ணு இருந்தும் விட்டுட்டேன். எல்லாமே சரியா இருக்கிற வீடு நம்ம பட்ஜெட்ல வராது. எது இல்லன்னா முடியவே முடியாதுன்னு வீடு பார்க்கப் போறதுக்கு முன்னாடியே வீட்டுல பேசி முடிவு பண்ணிட்டுப் போங்க.

அக்ரிமென்ட் விஷயம் வேகமா சொல்லிடறேன். எழுத்துல இருக்கணும், ரென்ட் அத்தாரிட்டிகிட்ட பதிவு பண்ணணும்னு அதே சட்டம் சொல்லுது, ஆன்லைன்லயே செய்யலாம். அட்வான்ஸை ரொக்கமா கொடுக்காதீங்க, பேங்க் மூலமா அனுப்புங்க. பழைய வரிமுறையில எச்.ஆர்.ஏ. கழிவு எடுக்கிறவங்க வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினா வீட்டுக்காரரோட பான் நம்பர் தரணும். அதை ஜனவரியில ஆபீஸ்ல கேட்கும்போது போய்க் கேட்டா முகம் மாறும். குடி போறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.

இப்ப, பழைய அட்வான்ஸ். காலி பண்ணின ஒரு மாசத்துக்குள்ள, பாக்கி ஏதாவது இருந்தா கழிச்சுக்கிட்டு, திருப்பித் தரணும்னு சட்டம் சொல்லுது. நடைமுறையில "பெயிண்ட்டுக்கு ஒரு மாச வாடகை"ன்னு பிடிச்சுப்பாங்க. வெள்ளையடிக்கிறது வீட்டுக்காரர் பொறுப்புன்னுதான் சட்டத்தோட அட்டவணையில இருக்கு, ஆனா ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதியிருந்தா அதுதான் செல்லும். அதனால புது வீட்டு அக்ரிமென்ட்ல அந்த வரி இருக்கான்னு பார்த்து, குடி போற அன்னைக்கே ஒவ்வொரு சுவரையும் வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கே வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க. "சார், இன்னைக்கு வீடு இப்படி இருக்கு"ன்னு ஒரு வரி போதும். யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

ஃபிரண்ட்ஸோட ஷேர் பண்ற ஃபிளாட்ல கதை வேற. அங்க வீட்டுக்காரர் காசு தர மாட்டார், உங்க இடத்துக்கு வர்றவர்தான் உங்க பங்கைத் தருவார். பெயிண்ட் காசு கடைசியா யார் காலி பண்றாங்களோ அவங்க தலையில விடியும். பாவம், அதையும் பேசித் தீர்த்துட்டு வெளியே வாங்க. என் பங்கு 30,000. புது வீடு தேட ஆரம்பிச்ச அன்னைக்கே எனக்குப் பதில் ஆள் தேடவும் ஆரம்பிச்சேன். ஆபீஸ் குரூப்ல போட்டதுல கோயம்புத்தூர்ல இருந்து ஒரு ஜூனியர் கிடைச்சான். நான் சாவியைக் கொடுத்த அன்னைக்கு சாயங்காலம் யு.பி.ஐ.ல 30,000 வந்தது. அதுல அம்மாவுக்கு முதல்ல வாங்கினது வெஸ்டர்ன் டாய்லெட் பக்கத்துல வைக்க உயரமான ஒரு ஸ்டூல், அப்புறம் ஒரு மிக்ஸி. பழைய மிக்ஸி திருச்சியிலேயே இருக்கட்டும், எப்பவாவது போனா சட்னி அரைக்க வேணும்னு சொல்லிட்டாங்க.

நீங்க இப்ப வீடு தேடிட்டு இருந்தா எந்த ஏரியா, எத்தனை மாசம் அட்வான்ஸ் கேட்கிறாங்கன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த வாரம் அதுல இருந்தே ஆரம்பிக்கலாம்.