கடன் வந்த இசைச் சொற்கள்



முப்பதாண்டுகளுக்கு மேல் ஆசிரியத் தொழில் செய்த நான், நானே கற்பித்த பிழையொன்றை ஒப்புக்கொண்டு இப்பேச்சைத் தொடங்குகிறேன். எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் மாணவன் ஒருவன் வயலின் வாசித்து முடித்ததும், விருந்தினராக வந்திருந்த ஒருவர் ‘ஆங்கோர்!’ என்று உரக்கக் கூவினார். மறுநாள் வகுப்பில் மாணவர்கள் அதற்குப் பொருள் கேட்டனர். “மீண்டும் என்பது பொருள். அது பிரெஞ்சுச் சொல். பாரிஸ் அரங்குகளில் மக்கள் இவ்வாறுதான் கூவுவார்கள்” என்றேன். முற்பகுதி மெய், பிற்பகுதி என் ஊகம்.

பல்லாண்டுகள் கழித்து, புதுச்சேரியிலிருந்து வந்த பிரெஞ்சு ஆசிரியர் ஒருவர் நகைத்தவாறே என்னைத் திருத்தினார். மற்றொரு முறை பாடுக என்று வேண்டும்போது பிரெஞ்சு மக்கள் கூவுவது ‘பிஸ்’ என்பதாம். அது ‘இருமுறை’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல். ‘ஆங்கோர்’ என்று கூவும் வழக்கமோ, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கிலாந்தில் காணப்படுவது. சொல் பிரான்சு நாட்டினது. கூவும் வழக்கம் ஆங்கிலேயருடையது. சொல்லின் பிறப்பிடத்தை அறிந்தவன், அதன் வாழ்க்கையையும் அறிந்தவன் ஆகிவிடமாட்டான். அன்று நான் பெற்ற பாடம் இதுவே. வேறு சில இசைச் சொற்களிடத்தும் இதனைக் காண்போம்.

மேலை நாட்டு இசைக்குழுக்களில் ‘ஓபோ’ என்றொரு குழற்கருவி உண்டு. நம் நாகசுரத்தைப் போலவே இதுவும் சீவாளி வைத்து ஊதப்படுவது. 17ஆம் நூற்றாண்டில் பிரான்சில் இக்கருவி இன்றைய வடிவத்தை நோக்கித் திருந்தியது. அங்கே இதன் பெயர் ‘ஓபுவா’. ‘ஓ’ என்பது உயர்ந்த, உரத்த எனப் பொருள்படும். ‘புவா’ என்பது மரம். உரத்து ஒலிக்கும் மரக்குழல் என்பது கருத்து. அக்காலத்துப் பிரெஞ்சுக்காரர் இதன் ஈற்றை ஏறத்தாழ ‘புவெ’ என ஒலித்தனர். இத்தாலியர் அவ்வொலியைக் காதாற் கேட்டவாறே தம் எழுத்தில் எழுதிக்கொண்டனர். பின்னர்ப் பிரான்சில் ஒலிப்பு மாறிற்று. எனினும், இத்தாலியர் எழுதிய ‘ஓபோயெ’ என்ற வடிவில் அப்பழைய ஒலியின் சாயல் இன்றும் தங்கியிருக்கிறது. தாய்வீடு மறந்ததைப் புகுந்த வீடு காத்து வைத்திருக்கிறது!

இந்த ஓபோவின் குடும்பத்தில், சற்றே நீண்டு, தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் கருவி ஒன்றுண்டு. அதற்குப் பிரெஞ்சில் ‘கோர் ஆங்கிலே’ என்று பெயர். ‘ஆங்கிலக் கொம்பு’ என்று பொருள். ஆனால் அஃது ஆங்கில நாட்டிற் பிறந்ததும் அன்று, கொம்பும் அன்று. பெயரை மட்டும் நம்பினால் நாம் இரண்டு பிழை செய்வோம்.

இனி, ‘தேம்பர்’ என்னும் சொல்லை நோக்குவோம். வீணையும் புல்லாங்குழலும் ஒரே சுருதியில் ஒரே சுரத்தை இசைத்தாலும், இது வீணை, இது குழல் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுகிறோம். அவ்வாறு வேறுபடுத்திக் காட்டும் ஒலியின் தனித்தன்மைக்கே இப்பெயர். இதன் மூலம் முரசு வகையைக் குறித்த கிரேக்கச் சொல். பிரெஞ்சில் அது முதலில் ஒருவகைப் பறையைக் குறித்தது. பின்னர் மணியையும், மணியின் நாதத்தையும், முடிவில் எந்த ஒலியின் தன்மையையும் குறிக்கலாயிற்று. மற்றொரு கிளையாக முத்திரை என்னும் பொருளும் தோன்றியது. இன்று பிரான்சில் அஞ்சல் தலைக்கும் இதே பெயர்தான். ஒரே வேரிலிருந்து பறையும் மணியும் அஞ்சல் தலையும் தோன்றின என்றால், வேர் ஒன்றே பொருளைச் சொல்லிவிடும் என எவ்வாறு கொள்வது?

ஆசிரியனாகிய எனக்கு மிகவும் உவப்பான சொல் ‘எத்யூது’. படிப்பு, பயிற்சி என்பது அதன் பொருள். விரல்களைப் பழக்குவதற்காக மாணவர் வாசிக்கும் பாடங்களே முதலில் இப்பெயர் பெற்றன. ஷோப்பேன் 1833இல் வெளியிட்ட பன்னிரண்டு எத்யூதுகளோ, பயிற்சியாகவும் இருந்தன. அரங்கிற் கேட்டு மகிழத்தக்க இசையாகவும் இருந்தன. பெயர் மாறவில்லை; பெயரின் தகுதி உயர்ந்தது. பயிற்சிக்கும் உரியதாய், கச்சேரியின் தொடக்கத்திற்கும் உரியதாய் விளங்கும் நம் வர்ணத்தை இதனோடு ஒப்பிடலாம்.

இறுதியாக, நம் ஊர் வரை வந்த சொல் ஒன்று. பாரிஸ் நகரத்து அலெக்சாந்தர் தெபேன் என்பவர் 1842இல் தம் கருவிக்கு உரிமம் பெற்று, கிரேக்கச் சொல்லின் அடியாக ‘ஆர்மோனியம்’ என்று பெயரிட்டார். காலால் மிதித்து வாசிக்கும் அக்கருவி, நம் நாட்டில் தரையில் அமர்ந்து கையால் துருத்தியை இயக்கும் வடிவம் பெற்றது. நம் மக்கள் ‘பெட்டி’ என்ற சொல்லைச் சேர்த்து, ‘ஆர்மோனியப் பெட்டி’ என்று தமதாக்கிக்கொண்டனர். அகில இந்திய வானொலி 1940 முதல் பல்லாண்டுகள் அக்கருவியை விலக்கி வைத்திருந்தது. நாடக மேடையும் பசனை மடமும் அதனைக் கைவிடவில்லை. பிறந்த ஊரைக் கேட்டு ஒரு சொல்லையோ கருவியையோ மக்கள் ஏற்பதில்லை. பயன்பாட்டைக் கண்டே ஏற்கின்றனர்.

அன்று என்னிடம் பொருள் கேட்ட மாணவர்கள் இன்று எவ்வெவ்வூரில் இருக்கின்றனரோ! அவர்களுள் எவரேனும் இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தால், தம் பழைய குறிப்பேட்டில் ஒரு வரியைத் திருத்திக்கொள்ள வேண்டுகிறேன். அகராதியைக் கேளுங்கள், அதன் பின், அச்சொல்லை வழங்கும் மக்களையும் கேளுங்கள். நான் இரண்டாவதைச் செய்யத் தவறினேன்.