எல்லைச் சாலையில் ஓட்டுநரின் உரிமை



கோயம்புத்தூரிலிருந்து மேற்கே செல்லும் நெடுஞ்சாலை வாளையாற்றைத் தாண்டியதும் பாலக்காட்டு மாவட்டம் தொடங்குகிறது. தெற்கே, கம்பத்திலிருந்தோ போடியிலிருந்தோ மலை ஏறினால், குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய இடங்களில் இடுக்கி மாவட்டத்திற்குள் நுழைகிறோம். ஏலத் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளும், காய்கறி லாரிகளும், சபரிமலை யாத்திரிகர்களின் வண்டிகளும் செல்லும் பாதைகள் இவை. ஓட்டுவோரில் பலர் தமிழர். இரவில் விளக்கை ஆட்டி வண்டியை நிறுத்தும் போலீசார் பேசுவது மலையாளம். கருவியை நீட்டி, "ஊது" என்கிறார்கள். அந்தச் சொல் மட்டும் இரு மொழிக்கும் பொது. அதன் பிறகு நடப்பது என்ன, எழுதப்படுவது என்ன என்பது ஓட்டுநருக்கு விளங்குவதில்லை. விளங்காத இடத்தில் அச்சம் புகுகிறது; அச்சத்தால் சிலர் வண்டியை விட்டு ஓடுகிறார்கள், சிலர் எதையும் படியாமல் கையெழுத்திடுகிறார்கள்.

இதைப் பற்றிய சட்டம் 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். அது மத்திய அரசின் சட்டமாதலால், இன்று நான் சொல்பவை பெங்களூரிலும் பம்பாயிலும் வாழும் நேயர்களுக்கும் பொருந்தும். அதன் 185 ஆம் பிரிவின்படி, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருக்கும் நிலையில் வண்டி ஓட்டுவதும், ஓட்ட முயல்வதும் குற்றம். முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை சிறை இரண்டு ஆண்டு வரை நீளலாம். சித்தூர்ப் பக்கத்துக் கள்ளுக்கடையில் குடித்தது கேரளச் சட்டப்படி விற்ற கள்தானே என்று வாதிடுவோர் உண்டு. விற்பனைக்கு உரிமம் இருக்கலாம். குடித்தவர் வண்டி ஓட்டுவதற்கு அது உரிமம் ஆகாது.

"நான் ஊத மாட்டேன்" என்று சொல்லலாமா? தன்னைத் தானே குற்றவாளியாக்கும் சாட்சியம் அளிக்குமாறு எவரையும் வற்புறுத்தலாகாது என்று அரசியலமைப்பின் 20 ஆம் விதி கூறுகிறதே என்பர். ஆனால் 1961 இல் பதினொரு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, கைரேகை போன்றவற்றைக் கொடுப்பது அத்தகைய சாட்சியம் ஆகாது என்று தீர்ப்பளித்தது. மூச்சை மட்டும் அதனின்று வேறுபடுத்துவது எளிதன்று. மேலும், மறுப்பவரை மது அருந்தியவர் என்று ஐயுறத் தகுந்த காரணம் இருந்தால், போலீசார் வாரண்டு இன்றிக் கைது செய்யலாம். நியாயமான காரணம் காட்டாத மறுப்பை அவருக்கு எதிராக நீதிமன்றம் கருதவும் 205 ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஆகவே, மறுப்பதால் மிஞ்சுவது நஷ்டமே என்பது என் கருத்து.

ஓட்டுநருக்குப் பாதுகாப்பு, சோதனை நடக்க வேண்டிய முறையில் இருக்கிறது. கேட்பவர் சீருடையில் உள்ள போலீஸ் அதிகாரியாகவோ, அதிகாரம் பெற்ற மோட்டார் வாகனத் துறை அதிகாரியாகவோ இருத்தல் வேண்டும். ஐயுறத் தகுந்த காரணமும் வேண்டும். ஓட்டியவரைத்தான் ஊதச் சொல்லலாம். பக்கத்தில் தூங்கி வந்த கிளீனரை அன்று. கைதானால் நிலையத்தில் மீண்டும் ஊத வாய்ப்பளிக்க வேண்டும். இரத்தம் எடுப்பவர் பதிவு பெற்ற மருத்துவராக இருக்க வேண்டும். பெண்ணிடம் ஆண் மருத்துவர் எடுப்பதாயின், மற்றொரு பெண் உடனிருக்க வேண்டும். இவற்றிற்கெல்லாம் மேலானது 202 ஆம் பிரிவு: கைதான இரண்டு மணி நேரத்திற்குள் மருத்துவப் பரிசோதனை நடவாவிடில் அவரைக் காவலினின்று விடுவிக்க வேண்டும். மலைப்பாதையில் நள்ளிரவில் மருத்துவரைத் தேடுவது போலீசாருக்கும் எளிதன்று; எனினும் சட்டம் அந்தச் சிரமத்தை ஓட்டுநரின் தலையில் ஏற்றவில்லை. ஆதலால், கைதான நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்து நினைவில் வைக்க வேண்டும்.

கருவியும் தவறக்கூடும். 2025 ஜூலையில் பந்தளத்தில் அரசுப் பேருந்து ஓட்டுநர் சிலர் பலாப்பழம் தின்றபின் ஊத, மது இருப்பதாகக் கருவி காட்டிற்று. குடிக்காத ஒருவருக்குப் பழத்தைக் கொடுத்து ஊதச் செய்தபோதும் அப்படியே காட்டியது! பலாச்சுளைக்கும் பட்டைச் சாராயத்திற்கும் வேற்றுமை தெரியாத கருவி என்று நகைத்துவிட்டுப் போகலாம். ஆனால் ஒருவருடைய பிழைப்பு அதில் தொங்குகிறது. வாயில் தங்கிய மருந்தின் மதுவும் சிறிது நேரம் அளவை உயர்த்திக் காட்டும். வாயைக் கொப்பளித்துச் சற்றுப் பொறுத்து மீண்டும் ஊத விரும்புவதாக அமைதியாகக் கேட்பதில் தவறில்லை. கேரள உயர் நீதிமன்றமும் 2025 இல், ஒருவரை ஊதச் செய்யுமுன் கருவியை வெறுங்காற்றில் சோதித்து, அது 0.000 என்று காட்டுகிறதா எனப் பார்க்க வேண்டும் என்று கூறியது. கருவி அச்சிட்டுத் தரும் சீட்டில் அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள்.

இனி மொழி. கைதுக்கான காரணத்தைக் கைதானவருக்குப் புரியும் மொழியில், எழுத்து மூலம் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. அந்த நேரத்தில் எழுதித் தர இயலாவிடில் வாயால் சொல்லலாம். ஆயினும் மாஜிஸ்டிரேட்டிடம் கொண்டுசெல்வதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவேனும் எழுத்தில் தர வேண்டும். எனவே, "எனக்கு மலையாளம் படிக்கத் தெரியாது, தமிழில் எழுதித் தாருங்கள்" என்று கேட்பது பிடிவாதம் ஆகாது. வீட்டாருக்கோ நண்பருக்கோ செய்தி அனுப்பச் சொல்லலாம், வழக்கறிஞரைக் கலந்துகொள்ளலாம். விபத்தில் உயிர்ச்சேதம் போன்றவை சேராத வரையில் இது ஜாமீனில் விடத்தக்க குற்றமே. ஜாமீன் கேட்பது உரிமை. அதற்காக எவர் கையிலும் பணம் திணிக்க வேண்டியதில்லை.

லைசென்ஸை எடுத்துக்கொண்டால் ரசீது பெறுவது அவசியம். ஆனால் மது வழக்கில் தரப்படும் அந்த ரசீது, லைசென்ஸ் திரும்பி வரும்வரை வண்டி ஓட்ட அனுமதி ஆகாது என்று 206 ஆம் பிரிவு சொல்கிறது. தக்காளி ஏற்றிய லாரி காத்திருக்கிறதே என்று அந்தச் சீட்டை நம்பி ஓட்டினால் இரண்டாவது வழக்கு வரும். லைசென்ஸ் உள்ள வேறொருவரை முதலாளி அனுப்பும்வரை வண்டி நிற்கட்டும்.