பங்கர் எங்க இருக்கு, சேர்?



வாசகர் வட்டத்துத் தம்பிகள் எனக்கு 'பள்ளிக்கூடமும் பாதுகாப்பும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். முப்பத்தைந்து வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவனுக்கு இது லேசான தலைப்பு என்று நினைத்திருப்பார்கள். போன மாதம் வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

என் அக்கா மகள் அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கிறாள். போன மாதம் வீடியோவில் பேசும்போது அவள் பிள்ளையின் புதுப் புத்தகப்பையைக் காட்டினாள். பூப்போட்ட பை. உள்ளே, முதுகை ஒட்டி வரும் இடத்தில், நாம் படித்த காலத்துச் சிலேட்டு போலக் கறுப்பாக ஒரு தட்டு. "மாமா, இது குண்டு துளைக்காத தட்டு. நூறு டாலருக்கு மேல ஆச்சு. வாங்கிட்டேன். வாங்குனது சரியா தப்பான்னு தெரியல. நீங்க சொல்லுங்க" என்றாள். நான் வாய் திறப்பதற்குள் பிள்ளை குறுக்கே வந்துவிட்டாள். இரண்டாம் வகுப்புப் படிக்கிறவள். "தாத்தா, சத்தம் கேட்டா இப்படிப் பிடிச்சுக்கணும்" என்று பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவர் மூலையில் குந்தினாள். பைக்கு மேலே இரண்டு கண், கீழே இரண்டு செருப்பு. வேறொன்றும் தெரியவில்லை.

அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 2022 மே 24 அன்று அதே டெக்சாஸில், உவால்டி என்ற சின்ன ஊரின் தொடக்கப்பள்ளிக்குள் ஒருவன் புகுந்து 19 பிள்ளைகளையும் 2 ஆசிரியைகளையும் சுட்டுக் கொன்றான். அதற்குப் பத்து வருஷம் முன்பு, 2012 டிசம்பர் 14 அன்று, சாண்டி ஹூக் பள்ளியில் 20 பிள்ளைகள், 6 பெரியவர்கள். அந்தத் தேசத்தில் 2020-இல் பிள்ளைகளையும் பதின்வயதுக்காரர்களையும் பறிகொடுத்த காரணங்களில் வாகன விபத்தையும் தாண்டி முதலிடத்துக்கு வந்தது துப்பாக்கிதான். அந்த ஊரில் பெற்றவள் தட்டு வாங்காமல் என்ன செய்வாள்?

அந்தத் தட்டு என்ன செய்யும் என்று தேடிப் படித்தேன். சாதாரணமாக விற்கிற பைத் தட்டுகள் கைத்துப்பாக்கிக் குண்டுக்குத் தாங்கும் என்றுதான் விற்கிறவர்களே சொல்கிறார்கள். சாண்டி ஹூக்கிலும் உவால்டியிலும் கொலைகாரன் கையில் இருந்தது ராணுவ பாணி நீளத் துப்பாக்கி. அதன் வேகத்துக்கு இந்தத் தட்டு நிற்காது. போலீஸ்காரர்களின் கவசத்துக்குத் தரம் நிர்ணயிக்கும் அந்நாட்டு நீதித்துறை நிறுவனம், பள்ளிப் பை எதையும் தாங்கள் சோதித்ததும் இல்லை, சான்று கொடுத்ததும் இல்லை என்று சொல்லியிருக்கிறது. அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. வகுப்பு நடக்கும்போது பை எங்கே இருக்கும்? சுவர் ஆணியில் தொங்கும். பிள்ளை இங்கே, கவசம் அங்கே.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. தட்டை நினைத்து மட்டும் இல்லை. முப்பது வருஷத்துக்கும் முன்னால் என் வகுப்பில் இருந்த ஒரு பையனின் நினைவு வந்துவிட்டது.

1991 தொடக்கம். அப்போது நான் மண்டபம் பக்கம் ஒரு பள்ளியில் இருந்தேன். முந்தைய வருஷம் ஜூனில் இலங்கையில் சண்டை மறுபடி மூண்டு, படகு படகாகச் சனம் வந்து இறங்கியதை இங்கே இருக்கிற பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். தனுஷ்கோடி மணலில் இறக்கிவிட்டுப் படகு திரும்பிவிடும். மண்டபம் முகாம் நிரம்பி வழிந்தது. முகாம் பிள்ளைகள் சிலர் எங்கள் பள்ளிக்கு வந்தார்கள். அதில் ஒருவன் யாழ்ப்பாணத்துப் பையன், மன்னார் வந்து படகேறியவன். ஐந்தாம் வகுப்பு. முதல் நாள் பெயரைப் பதிந்து முடித்ததும் அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி கழிப்பறை எங்கே என்றில்லை, தண்ணீர்ப் பானை எங்கே என்றில்லை.

"சேர், இந்தப் பள்ளிக்கூடத்தில பங்கர் எங்க இருக்கு?"

எனக்கு அந்தச் சொல்லே விளங்கவில்லை. அவன்தான் கையை விரித்துக் காட்டி விளக்கினான். பதுங்கு குழி. நேராக வெட்டக்கூடாதாம். 'ட' எழுத்துப் போல மடக்கி வெட்டணுமாம். குண்டு வாசலில் விழுந்தால் சிதறுகிற துண்டு நேரேதான் ஓடும், மூலை திரும்பி வராது. மேலே பனங்குற்றிகளை நெருக்கி அடுக்கி, அதற்குமேல் மண்மூட்டை. "மழைக்குத் தண்ணி நிக்கும் சேர், பாம்பும் கிடக்கும். எண்டாலும் போகத்தான் வேணும்." ஐந்தாம் வகுப்புப் பையன் பெருக்கல் வாய்பாடு சொல்வது போல இதைச் சொன்னான்.

ராமநாதபுரத்துக்காரர்களுக்குப் பனை என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. நுங்கு, பதநீர், கருப்பட்டி, ஓலைப்பாய், விட்டம், கைமரம். அதே பனை அக்கரையில் பிள்ளைகளின் தலைக்குமேல் குண்டுக்குக் குறுக்கே படுத்துக் கிடந்தது. அந்தப் போரில் தோப்புத் தோப்பாக அது அழிந்தது.

பங்கர் உயிர் காத்தது உண்மை. அதை வெட்டிய கைகளை நான் கும்பிடுகிறேன். மேலே வருகிற விமானத்தை நிறுத்த அங்கிருந்த வாத்தியார்களுக்கு வழியே இல்லை. கையில் இருந்தது மண்வெட்டி ஒன்றுதான், அதை வைத்துச் செய்யக்கூடியதைச் செய்தார்கள். அப்படியும் காக்க முடியாத நாள்கள் வந்தன. 1995 செப்டம்பர் 22, மதிய வேளை. யாழ்ப்பாணத்து வடமராட்சி கிழக்கில் நாகர்கோவில் மகா வித்தியாலயத்தின் மேல் இலங்கை விமானப்படைக் குண்டு விழுந்தது. இருபதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் இறந்தார்கள். 2009-இல் வன்னிப் போரின் கடைசி மாதங்களில் சாக்குப்பை கிடைக்காமல் தாய்மார்கள் தங்கள் சேலைகளைக் கிழித்துப் பையாகத் தைத்து மண்ணை நிரப்பி அடுக்கினார்கள். கூறைச் சேலையும் அதில் போனது. அந்த நிறங்களை, மணலுக்குள் கிடந்த அந்தச் சரிகைக் கரையை, படத்தில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

இப்போதும் எல்லையோரத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு இதுதான் கதி. 2025 மே மாதம் ஜம்மு பகுதியின் பூஞ்ச் நகரில் பீரங்கிக் குண்டு விழுந்து பள்ளிப் பிள்ளைகள் இறந்தார்கள். அங்கே பதுங்கு குழி வேண்டும் என்று கேட்கிற தாய்க்கு நான் மறுபேச்சுப் பேசமாட்டேன்.

ஆனால் டெக்சாஸில் விமானம் குண்டு போடவில்லை. அங்கே துப்பாக்கி கடையில் விற்கிறது. விற்கலாம் என்று சட்டம் எழுதியவர்களும் பெரியவர்கள், வாங்குகிறவர்களும் பெரியவர்கள். அதன் பளுவை மட்டும் ஏழு வயதுப் பிள்ளையின் முதுகில் ஏற்றினால் எப்படி? முடியாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். ஸ்காட்லாந்தில் டன்பிளேன் என்ற ஊரில் 1996 மார்ச் 13 அன்று 16 பிள்ளைகளும் அவர்கள் ஆசிரியையும் கொல்லப்பட்டார்கள். அடுத்த வருஷமே பிரிட்டன் பொதுமக்கள் கைத்துப்பாக்கி வைத்திருப்பதைத் தடை செய்தது. அதே 1996 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் போர்ட் ஆர்தரில் 35 பேர் பலியானார்கள். இரண்டே வாரத்துக்குள் மத்திய அரசும் மாநிலங்களும் உட்கார்ந்து உடன்பாடு செய்தார்கள். பிறகு சுமார் ஆறரை லட்சம் துப்பாக்கிகளை மக்களிடமிருந்து விலை கொடுத்து வாங்கி அழித்தார்கள். அங்கே பிள்ளைகள் வெறும் பையோடு பள்ளிக்குப் போகிறார்கள்.

நம் ஊருக்கு வருகிறேன். 2004 ஜூலை 16. கும்பகோணம். சத்துணவுக் கூடத்தில் பிடித்த தீ மாடிக் கூரைக்குத் தாவி, எரிகிற கீற்று பிள்ளைகள் தலையில் விழுந்தது. 94 பிள்ளைகள். அந்தச் செய்தி வந்த அன்று நான் வகுப்பில் இருந்தேன். என் தலைக்குமேலும் கீற்றுக் கூரைதான். பிள்ளைகளை எண்ணினேன், திரும்பத் திரும்ப எண்ணினேன். அதற்குப் பிறகு இந்த மாநிலம் என்ன செய்தது? தீப்பிடிக்காத சட்டை தைத்துப் போட்டா அனுப்பியது? பள்ளிக்கூடங்களின் கீற்றுக் கூரைகளை இறக்கச் சொன்னது. எங்கள் பள்ளியிலும் இறக்கினார்கள். 2009-இல் உச்ச நீதிமன்றம், கல்வி உரிமை என்றால் அதற்குள் பாதுகாப்பான பள்ளிக்கூடமும் அடக்கம் என்று தீர்ப்புச் சொன்னது. 2012 ஜூலையில் தாம்பரம் பக்கம் பள்ளிப் பேருந்தின் தரை ஓட்டை வழியாக ஒரு சிறுமி சாலையில் விழுந்து இறந்தாள். அந்த வருஷமே பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் வந்தன. ஓட்டையை அடைக்கச் சொன்னோம், பிள்ளையை இருக்கையில் கயிறு போட்டுக் கட்டச் சொல்லவில்லை.

கயிறு என்று சொல்லும்போதே இந்த ஊரில் நின்றுகொண்டு எனக்கு நா தழுதழுக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையை ஏர்வாடியில் நான் விவரிக்கத் தேவையில்லை. தர்காவை நம்பிக் கொண்டுவந்து விடப்பட்ட மனநோயாளிகள், தனியார் காப்பகத்து ஓலைக் கொட்டகையில் சங்கிலியில் கிடந்தவர்கள், 28 பேர் எரிந்து போனார்கள். அந்தச் சங்கிலிக்கு நாம் வைத்திருந்த பெயர் என்ன? பாதுகாப்பு. ஓடிவிடக்கூடாது, கடலில் விழுந்துவிடக்கூடாது, அவர்கள் நன்மைக்குத்தான் என்று சொன்னோம். தீ வந்தபோது அந்தப் பாதுகாப்புதான் அவர்களை நகரவிடவில்லை. ஒரே வாரத்தில் அப்படிப்பட்ட காப்பகங்களை அரசு மூடியது. 2017-இல் வந்த மனநலச் சட்டம் எந்த வடிவத்திலும் சங்கிலி கூடாது என்று எழுதியே வைத்துவிட்டது. பாதுகாப்பு என்று யாராவது ஒரு பொருளைக் கையில் கொடுத்தால், அது யார் உடம்பில் ஏறுகிறது, யாரைத் தொந்தரவிலிருந்து விடுவிக்கிறது என்று ஏர்வாடிக்காரன்தான் முதலில் கேட்கவேண்டும். அந்தக் கேள்விக்கு 28 உயிர் விலை கொடுத்த ஊர் இது.

இங்கே துப்பாக்கி இல்லையே என்று ஆறுதல் பட்டுக்கொள்ளலாமா? 2024 ஜூலை கடைசியில் பீகாரின் சுபௌல் மாவட்டத்தில் நர்சரி படிக்கிற ஒரு குழந்தை பையில் கைத்துப்பாக்கி கொண்டுவந்து, மூன்றாம் வகுப்புப் பையனின் கையில் சுட்டுவிட்டது. அங்கே பைக்குள் தட்டு வரவில்லை, துப்பாக்கியே வந்தது. நம் பக்கத்தில் அரிவாள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், கூடப் படித்த மாணவர்கள் வீடு புகுந்து ஒரு பையனையும் அவன் தங்கையையும் வெட்டினார்கள். சாதி. 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் பையில் அரிவாள் கொண்டுவந்து சக மாணவனை வகுப்பிலேயே வெட்டினான். தடுக்கப்போன ஆசிரியைக்கும் வெட்டு.

உடனே எல்லாரும் சொன்னது, பையைச் சோதியுங்கள் என்று. சோதிக்கட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் பைக்குள் அரிவாள் வருவதற்கு முன்பே, பல பிள்ளைகளின் மணிக்கட்டில் சாதியைக் காட்டுகிற கலர் கயிறு வந்துவிடுகிறது. அந்தக் கயிற்றை எந்தப் பிள்ளையும் கடையில் தானாகப் போய் வாங்கவில்லை. வீட்டில் கட்டிவிட்டோம், திருவிழாவில் கட்டிவிட்டோம், ஊர்க்கூட்டத்தில் கட்டிவிட்டோம். நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கலர் கயிறு கூடாது, பள்ளியின் பெயரில் சாதி கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி தெரியக்கூடாது என்று அதில் இருக்கிறது. அந்த அறிக்கையை எதிர்த்துச் சண்டைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். ஒரு பிள்ளையின் கையிலிருந்து கயிற்றைக் கழற்ற வாத்தியாராக நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். கழற்றியது ஒரு நிமிஷம். மறுநாள் அவன் தகப்பன் ஐந்து பேரோடு பள்ளி வாசலில் நின்றார். அந்தத் தகப்பனிடம் பேசி முடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. இன்றைக்கும் சொல்கிறேன், பள்ளிக்கூடத்தின் மதில் எத்தனை அடி என்பதைவிட அந்த இரண்டு மாதம் முக்கியம். அதற்கு நேரம் கொடுங்கள் என்றுதான் கல்வித் துறையையும், இங்கே இருக்கிற பெற்றோர் ஆசிரியர் கழகத்தையும் கையெடுத்துக் கேட்கிறேன்.

அக்கா மகளுக்கு என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். "வாங்கிட்டேல்ல, இருக்கட்டும்மா. பிள்ளைகிட்ட அதைப் பத்திப் பேசாத. உங்க ஊர்ல பள்ளிக்கூடக் கமிட்டி கூடுறப்போ நீ எந்திரிச்சுப் பேசு" என்றேன். அவளுக்கு அங்கே ஓட்டு இல்லை. ஆனாலும் போகிறேன் என்றாள்.

அந்த யாழ்ப்பாணத்துப் பையனைப் பாதியில் விட்டுவிட்டேன். சேர்ந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, உச்சிப்புளிப் பக்கமிருந்து கடற்படை ஹெலிகாப்டர் ஒன்று தாழப் பறந்து வந்தது. நம் பிள்ளைகள் எல்லாம் ஜன்னலுக்கு ஓடினார்கள், கை காட்டினார்கள். திரும்பிப் பார்த்தால் அவன் பெஞ்சுக்கு அடியில் குப்புறக் கிடந்தான். இரண்டு காதிலும் விரல். பல்லுக்கு நடுவில் குறுக்கே பென்சில். குண்டுச் சத்தத்தில் காது கிழியாமல் இருக்க வாயைத் திறந்தே வைத்திருக்கணும் என்று அவன் பள்ளியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் பெஞ்சுக்கு அடியில் போய்ப் பக்கத்தில் படுத்தேன். சத்தம் தேய்ந்து போகும் வரை படுத்திருந்தோம். "இது நம்ம ஹெலிகாப்டர் தம்பி. இங்க பங்கர் கிடையாது. தேவையில்லை" என்றேன். அவன் பென்சிலை எடுத்தான். பல் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது.

ரொம்ப நாள் அவன் பெஞ்சின் ஓரத்தில், வாசலுக்குப் பக்கமாகத்தான் உட்கார்ந்தான். தமிழ்ப் புத்தாண்டு லீவு முடிந்து வந்த அன்று நான் வருகைப் பதிவேட்டிலிருந்து தலை நிமிர்ந்தபோது, அவன் உள்ளே தள்ளி, ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.